சொல்வழி கேட்கிற பிள்ளை

அளவெட்டியில் அந்த ஒழுங்கைக்குள் நின்று வினோஜாவின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. “சிவகௌரியின்ரை வீட்டிலை இருக்கிற பிள்ளையோ?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார்கள். முற்றம் கூட்டுகிறவள், சருகு அள்ளுகிறவள், மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலியைத் துப்புரவாக்குகிறவள் எல்லாம் வினோஜாதான். ஆனாலும் அது சிவகௌரியின் சீதன வீடு. சிவகௌரி, வினோஜாவின் புருசன் பார்த்தீபனுடைய தமக்கை. கலியாணம் முடிந்த கையோடு கனடாவுக்குப் போனவள். வீடு பூட்டிக் கிடந்தால் கறையான் ஏறிவிடும், தம்பியின் பெண்சாதி இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

வினோஜா கொடிகாமத்துப் பெண். கணினி படித்து, மல்லாகத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பின்வாங்கில் இருக்கிற பெடியளுக்கும் கேட்கிற உரத்த குரல் அவளுக்கு. ஸ்கூட்டியை நிறுத்த முதலே வாசலில் நிற்பவர்களோடு கதைக்கத் தொடங்கிவிடுவாள். பார்த்தீபனைப் பேசி வந்தபோது, படம் பார்த்து, போனில் கதைத்து, பிடித்துத்தான் ஓம் என்றாள். அவனுக்குப் பிரான்சில் அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. வேறு எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் வரமுடியாது. அதனால் கலியாணம் திருச்சியில் நடந்தது. ஒரு மாதம் அங்கே ஒன்றாக இருந்துவிட்டு அவன் பிரான்சுக்கு, பரிசு நகரத்துக்குப் போனான், அவள் அளவெட்டிக்கு வந்தாள்.

ஆரணி பிறந்தாள், வினோஜா படிப்பித்தலை விட்டாள். பிள்ளைக்கு நடை வந்த காலத்தில் மறுபடியும் திருச்சிக்குப் போய் மூன்று பேருமாகக் கொஞ்ச நாள் இருந்தார்கள். அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் அங்கே வீடு இவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், வேலை நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று சட்டம். பார்த்தீபன் உணவகங்களின் குசினியில் வேலை செய்பவன். ஒரு முதலாளியிடம் நிலைத்து நிற்கத் தொடங்கும்போது அந்த உணவகம் கைமாறிவிடும். விண்ணப்பம் திரும்பி வரும். “அடுத்த வருசம்” என்று அவன் ஒவ்வொரு வருடமும் சொன்னான். அவளும் ஒவ்வொரு வருடமும் “ஓம்” என்றாள்.

இப்படி இருக்கையில் ஒழுங்கை முடக்கில் இருந்த வீட்டில் பட்டப்பகலில் கள்ளன் புகுந்தான். செய்தி அன்றைக்கே பரிசுக்கும் போய்விட்டது, ரொறன்ரோவுக்கும் போய்விட்டது. தமக்கையும் தம்பியும் கதைத்து முடிவெடுத்தார்கள். “பொம்பிளைப் பிள்ளையோடை தனிய இருக்கிறீர். கமரா பூட்டினால் எங்களுக்கும் நிம்மதி” என்றான் பார்த்தீபன். வினோஜாவுக்கும் பயம் இருந்தது, மறுக்கவில்லை. முதலில் கேற்றடியில் ஒன்று பூட்டினார்கள். பிறகு கிணற்றடியில். பிறகு விறாந்தையில், சாப்பாட்டு மேசைக்கு மேலே, குசினிக்குப் போகும் ஒடுங்கிய நடையான ஓடையில். ஒவ்வொன்றும் பூட்டும்போது அதற்கொரு நியாயம் இருந்தது. மேசைக்கு மேலே இருந்ததில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தது. பரிசில் இருந்து கதைத்தால் இங்கே கேட்கும்.

அது முதல்முதல் கதைத்த நாளில் ஆரணி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “ஆரணிக்குஞ்சு!” என்று முகட்டு மூலையில் இருந்து சத்தம் வந்ததும் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிவிட்டு ஓடிவந்து தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தது. அப்பாதான் என்று விளங்கியதும் கதிரையில் ஏறி நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தாள். பரிசில் பார்த்தீபன் அழுதுகொண்டே சிரித்தது வினோஜாவுக்குக் கேட்டது.

அவனைப் பொல்லாதவன் என்று சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய் வராது. வேலை முடிந்து கடைசி ரயிலில் அறைக்கு வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் வெளிக்கிடும்வரை நித்திரை கொள்ளாமல் குந்திக்கொண்டிருப்பான். மூன்று பேரோடு பகிர்ந்த அறையில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனைப் பார்ப்பான். ஆரணி எந்தக் காலுக்கு முதலில் சப்பாத்துப் போடுவாள், எந்தப் பல் ஆடுகிறது, எந்தக் கறியை ஓரமாகத் தள்ளுவாள் எல்லாம் அவனுக்குத் தெரியும். வான் வந்து பிள்ளை ஏறிய பிறகுதான் படுப்பான்.

ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “நேராய் இரு குஞ்சு.” “அந்தக் கரட்டையும் சாப்பிடு.” “எழுத்து கோட்டுக்கு வெளியிலை போகுது பார்.” ஆரணி உடனே நேராக இருப்பாள், கரட்டைச் சாப்பிடுவாள், அழித்து எழுதுவாள். சொல்லுதல் வினோஜாவுக்கும் வந்தது. “பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கேல்லையோ?” “உந்த லைற் ஏன் எரியுது?” கனடாவிலிருந்து சிவகௌரியும் இடைக்கிடை எடுப்பாள். “மச்சாள், பின் கதவு திறந்து கிடக்குது. கேற்றடியிலை ஆரோடை உவ்வளவு நேரம் கதைச்சனீர்?”

“மீன்காரரோடை மச்சாள். சூடை விலை கேட்டனான்.”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

வெளியே போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கேற் திறந்தால் இரண்டு நாட்டில் இரண்டு போன் கிணுகிணுக்கும். எங்கே என்று கேள்வி வரும். சந்தைக்கு என்றோ கோயிலுக்கு என்றோ பதில் வேண்டும். பதில் இல்லாத பயணங்களை வினோஜா ஒவ்வொன்றாக விட்டாள். ஸ்கூட்டியின் பற்றறி இறங்கிப்போயிற்று. வீட்டுக்குள்ளும் அவள் சுருங்கிக்கொண்டே வந்தாள். வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுக்கிற பழக்கம் நின்றது. கமரா இல்லாத இடம் குளியலறையும் படுக்கை அறையும்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் வேலைகளை முடித்துவிட்டுப் படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்த அறைக்குள்தான் ஜெனிற்றாவின் விளையாட்டு வந்து சேர்ந்தது.

ஜெனிற்றா உடுவில்காரி. மல்லாகத்தில் வினோஜாவோடு ஒன்றாகப் படிப்பித்தவள். ஒருநாள் போனில் எடுத்து, “எடியே, சும்மாதானே இருக்கிறாய், எனக்கொரு உதவி செய். வீட்டிலை இருந்தே செய்யலாம். ஒருத்தருக்கும் சொல்லவும் தேவையில்லை” என்றாள்.

அது ஒரு குடும்ப விளையாட்டு. திரையில் கூரை இல்லாத ஒரு வீட்டை மேலிருந்து பார்க்கலாம். உள்ளே தாய், தகப்பன், பிள்ளைகள். ஆளின்மேல் சுட்டியை வைத்து அமத்தி, சமைக்கச் சொல்லலாம், படுக்கச் சொல்லலாம், வேலைக்கு அனுப்பலாம். உலகம் முழுக்க ஆட்கள் விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டைச் செய்த கொம்பனி பிள்ளைகள் விசயத்தில் பெரிதாக மினக்கெடவில்லை. சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினால் தானாக வளர்ந்துவிடும். இது போதாது என்று போலந்தில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, தானே ஒரு துண்டு எழுதி அதோடு சேர்த்திருந்தாள். இப்படி வெளியாட்கள் எழுதிச் சேர்ப்பதற்கு மொட் என்று பெயர். அவளுடைய மொட்டைப் போட்டால் பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்துவிடும். ஏசினால் மனதில் நிற்கும். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் அதுவும் நிற்கும். நித்திரை வராத பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக் கதை சொன்னால், வளர்ந்த பிறகும் அது தெரியும். தாய் தகப்பனுக்கும் பொறுமை என்று ஒரு அளவு உண்டு. அது குறைந்தால் அவர்கள் வாயிலிருந்து வேறு சொற்கள் வரும். இந்த மொட்டைத்தான் ஜெனிற்றா தமிழாக்கிக்கொண்டிருந்தாள்.

வினோஜா லப்டொப்பை மடியில் வைத்து, போனைக் காதில் கொடுத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து சொல் தேடினாள்.

“‘பிள்ளையிடம் மன்னிப்புக் கேள்’ எண்டு போட்டிருக்கிறன்” என்றாள் ஜெனிற்றா. “வாசிக்கச் சிரிப்பு வருது. எங்கடை வீட்டிலை ஆர் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டது? கோயில்லை கடவுளிட்டைக் கேக்கிறதோடை சரி.”

“எங்கடை அம்மா ஒருக்கால் எனக்கு அநியாயமாய் அடிச்சுப்போட்டு, பின்னேரம் ஒரு தோடம்பழம் உரிச்சுத் தந்தவா. ஒண்டும் சொல்லேல்லை. ‘பிழை விட்டிட்டன் எண்டு சொல்’ எண்டு போடு. அப்பிடியெண்டால் வாயிலை வரும்.”

அவர்கள் அப்படியே போட்டார்கள். ஓய்வு நேரம் ஒரு வேலை ஆயிற்று. பொருத்தமா என்று பார்க்க வினோஜா விளையாடியும் பார்த்தாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை இருந்த குடும்பத்தை எடுத்தாள். அந்தத் தாயை ஏசவிட்டாள், அணைக்கவிட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கவிட்டாள். தாய் தனியே இருந்துவிட்டு வந்ததும் பொறுமை ஏறியிருந்தது. ஒருவரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. வினோஜா அதையே பலமுறை செய்து பார்த்தாள்.

ஒரு இடத்தில் மட்டும் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் வளரும் விதத்துக்கு ஏற்ப அவர்களுக்கு ஒரு குணம் வந்து சேரும். பயந்த பிள்ளை, துணிஞ்ச பிள்ளை, இப்படி. எப்போதும் சொல்லிச் சொல்லியே வளர்த்தால் வருகிற குணம் ஒன்று இருந்தது. ஜெனிற்றா அதற்குச் ‘சொல்வழி கேட்கிற பிள்ளை’ என்று போட்டிருந்தாள்.

“அது நல்ல சொல்லடி” என்றாள் வினோஜா. “அப்பிடிச் சொன்னால் சனம் சந்தோசப்படும். அந்தப் போலந்து மனிசி இதை ஒரு காயம் மாதிரியெல்லோ எழுதியிருக்கிறா. இந்தக் குணம் வந்தால் பிள்ளை தானாய் ஒண்டும் செய்யாது எண்டு கிடக்கு.”

“அப்ப என்ன போட?”

வினோஜா யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள்.

ஜெனிற்றாவின் மகன் கெல்வினுக்குப் பிறந்தநாள் வந்தது. வினோஜா முன்கூட்டியே பரிசுக்குச் சொல்லி, கனடாவுக்கும் சொல்லி, ஆரணியைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் உடுவிலுக்குப் போனாள். முற்றத்தில் கதிரைகள், நெல்லிமரத்தில் பலூன், பிள்ளைகளின் கூச்சல். கேக் வெட்டியாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் வாயெல்லாம் கிறீம் பூசிக்கொண்டு ஓடினார்கள். ஆரணி விறாந்தையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“ஏன் குஞ்சு சாப்பிடேல்லை?” என்று ஜெனிற்றா பக்கத்தில் வந்து குந்தினாள்.

ஆரணி முகட்டின் ஒரு மூலையைப் பார்த்தாள். மற்ற மூலையைப் பார்த்தாள். “ஆன்ரி, உங்கடை வீட்டிலை அப்பா எங்கை இருக்கிறார்?”

கணவன் எமில்ராஜைத்தான் கேட்கிறாள் என்று ஜெனிற்றா நினைத்தாள். “மாமா வெளியிலை கதிரை அடுக்கிறார்.”

“மாமா இல்லை. என்ரை அப்பா. சாப்பிடலாமோ எண்டு கேக்கவேணும்.”

வினோஜா வந்து, “அம்மா சொல்லுறன், சாப்பிடு” என்றாள்.

பிள்ளை தாயை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பிடிவாதம் இல்லை, சந்தேகம் மட்டும்தான் இருந்தது. “நீங்களும் அப்பாவைக் கேட்டுத்தானே அம்மா செய்யிறனீங்கள்?”

பக்கத்தில் இருந்த வயதான ஒரு பெண், “என்ன சொல்வழி கேக்கிற பிள்ளை! நல்ல வளர்ப்பு” என்று வினோஜாவின் கையைத் தட்டினார். வினோஜாவுக்குக் கன்னம் சுட்டது. ஜெனிற்றா அந்தக் கேக்கைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஆரணி நேரே சாப்பாட்டு மேசைக்கு ஓடி, கேக்கை இரண்டு கையாலும் கமராவுக்கு உயர்த்திப் பிடித்தாள். அங்கே அவனுக்கு மத்தியான ஓய்வு. “அடேயப்பா, எவ்வளவு வடிவான கேக்! சாப்பிடு குஞ்சு” என்றது குரல். கடைசித் துகள்வரை நக்கிச் சாப்பிட்டாள்.

வினோஜா அறைக்குள் போய் ஜெனிற்றாவுக்கு ஒரு வரி அனுப்பினாள்: ‘கேளாமல் அசையாத பிள்ளை எண்டு போடு.’

பிள்ளை படுத்த பிறகு அவள் பார்த்தீபனுக்கு நடந்ததைச் சொல்லி, இனி மேலிருந்து அதைச் செய் இதைச் செய் என்று சொல்லவேண்டாம் என்று கேட்டாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவன் குரல் உடைந்தது.

“அவளுக்கு அப்பன் எண்டு ஒருத்தன் இருக்கிறான் எண்டு காட்ட எனக்கு வேறை என்ன கிடக்கு வினோ? தோளிலை தூக்கேலாது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடேலாது. காய்ச்சல் எண்டால் நெத்தியைத் தொட்டுப் பாக்கேலாது. சொல்லத்தான் ஏலும். அதையும் வேண்டாம் எண்டுறீர்.”

வினோஜா லப்டொப்பை இழுத்து மடியில் வைத்தாள். “திங்கக்கிழமை உங்களுக்கு லீவுதானே. என்னோடை ஒரு விளையாட்டு விளையாடுவமோ?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமைகளில் அவள் லப்டொப் திரையை அவனுடைய போனில் தெரியவைத்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் அமத்தினாள். பகிடியாகத் தொடங்கியவனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. மஞ்சள் சட்டைப் பிள்ளைக்குத் தானே தகப்பன் என்றான். “படிக்கச் சொல்லும். இப்ப குளிக்கச் சொல்லும். ரீவி வேண்டாம், நிப்பாட்டும். வயலின் பழகட்டும்.” பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாள். “பாத்தீரோ!” என்று கத்தினான். அவர்கள் இருவரும் கலியாணம் கட்டியபிறகு இவ்வளவு சிரித்தது இந்தத் திங்கட்கிழமைகளில்தான்.

ஒரு திங்கள், பிள்ளை விறாந்தை நடுவில் நின்றாள். மேசையில் சாப்பாடு இருந்தது. தலைக்கு மேலே பசி என்று காட்டியது. அவள் நின்றாள்.

“ஏன் நிக்கிறாள்? சாப்பிடச் சொல்லும்.”

அமத்தினாள். பிள்ளை போய்ச் சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

“நித்திரை எண்டு காட்டுது. போய்ப் படுக்கலாம்தானே?”

“சொல்லேல்லையே நாங்கள்.”

“இது பழுதாப் போச்சு வினோ. நிப்பாட்டிப்போட்டு முதலிலை இருந்து தொடங்கும்.”

“பழுதில்லை. நீங்கள் சொன்னதைத்தான் நான் அமத்தினனான்.”

பார்த்தீபனுக்குப் பின்னால் அறைக்காரர் ஒருவர் இருமுவது கேட்டது. “இதை ஆரோ வெள்ளைக்காரி எழுதினது” என்றான் கடைசியில். “அவள் தன்ரை பிள்ளையளோடை ஒரே வீட்டிலை இருக்கிறாள். சொல்லாமல் இருக்க அவளாலை ஏலும். எங்கடை பாடு அவளுக்குத் தெரியுமோ?”

அதுவும் சரிதான் என்று வினோஜாவுக்குப் பட்டது.

ஆனால் அவன் ரோசக்காரன். மறுநாளிலிருந்து கமரா கதைக்கவில்லை. விறாந்தைக் கமராவையும் மேசைக் கமராவையும் கழற்றிவிடட்டுமா என்று தமக்கையைக் கேட்டான் போலிருக்கிறது. சிவகௌரி நேரே வினோஜாவுக்கு எடுத்தாள். கோபமாகக் கதைக்கவில்லை. “அதெல்லாம் கிடக்கட்டும் மச்சாள். என்ரை வீட்டை நான் பாக்கிறதுக்கும் அதுதானே இருக்கு. இஞ்சை பனிக்குள்ளை இருந்துகொண்டு முற்றத்தைப் பாத்தால் ஒரு ஆறுதல்” என்றாள். கமராக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிவப்புப் பொட்டு எரிந்தது. குரல் மட்டும் இல்லை.

ஆரணி முதல்நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மேசைக்குக் கீழே நின்று, “அப்பா?” என்றாள். அடுத்த நாள், சொல்லாமலே நிமிர்ந்து இருந்தாள். கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மேலே தூக்கிக் காட்டினாள். கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி, கமராவை நோக்கி விரித்துப் பிடித்தாள். கை நோகும்வரைக்கும் பிடித்தாள்.

“அப்பா கோவமோ அம்மா? நான் என்ன செய்தனான்?”

“கோவம் இல்லையம்மா. அப்பாவுக்கு வேலை.”

“இல்லை. லைற் எரியுது. பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்.”

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பையைக் கொழுவிக்கொண்டு போய் கமராவுக்குக் கீழே நின்றவள் அசையவே இல்லை. வான் கோர்ண் அடித்தது. வினோஜா கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அழவில்லை, முரண்டவில்லை, உடம்பு கல்லாக இருந்தது. வான் இன்னொரு முறை அடித்துவிட்டுப் போய்விட்டது. வினோஜா ஓடைக்குள் போய் பரிசுக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே அவன் தூக்கினான். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“கதையுங்கோ அவளோடை.”

“நீர்தானே வேண்டாம் எண்டனீர்.”

“ஓம், நான்தான். இப்பவும் நான்தான் கேக்கிறன். கதையுங்கோ.”

“குஞ்சு” என்றது முகட்டுக் குரல். அந்த ஒரு சொல்லுக்கே ஆரணியின் உடம்பு இளகியது, பல்விழுந்த வாயால் சிரித்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஓடையில் நின்ற வினோஜாவுக்கு, இனி இதை நிப்பாட்டு என்று கேட்கத் தனக்கு வாய் இல்லை என்று விளங்கியது. அந்தக் குரலைத் தன் கையாலேயே திரும்பவும் பூட்டியாயிற்று. பிள்ளைக்கு அப்பா என்று இருந்ததே அந்தக் குரல்தான். அதை எடுத்தால் அப்பாவை எடுப்பதாக இருந்தது, விட்டால் பிள்ளை நடுவிறாந்தையில் நிற்கப்போகிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள்.

அன்று பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பார்த்தீபனும் படுக்கவில்லை. வினோஜா போனோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு, “சொல்லாமல் வேறை என்ன கதைக்கிறது?” என்று அவளைக் கேட்டான். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டான். “என்ரை அப்பா என்னோடை கதைச்சதெல்லாம், ‘எங்கை போட்டு வாறாய்’ எண்டதுதான். எனக்கு வேறை தெரியாது வினோ.”

வினோஜா லப்டொப்பைத் திறந்தாள். மொட்டுக்காகத் தமிழாக்கிய வரிகளில் இருந்து சிலவற்றை வாசித்தாள். ‘இன்று எதற்குச் சிரித்தாய் என்று கேள்.’ ‘நீ சின்னப்பிள்ளையாக விட்ட பிழை ஒன்றைச் சொல்.’ ‘எதற்குப் பயம் என்று கேள்.’ அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

அன்று மாலை மேசைக்கு மேலிருந்து குரல் வந்தது. “ஆரணி, இன்று நீ எதற்குச் சிரித்தாய்?”

பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அப்பா, ஏன் பேச்சுப்போட்டியிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்?”

குசினிக்குள் நின்ற வினோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தீபன் ஒருமாதிரிச் சமாளித்து அடுத்ததற்குப் போனான். “சரி, உமக்கு எதுக்குப் பயம்?”

“மரவட்டைக்கு. உங்களுக்கு?”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. “எனக்கு... நான் உன்னை மேலை இருந்துதானே பாக்கிறன். தலைதான் தெரியுது. நீ எவ்வளவு உயரம் எண்டு எனக்குத் தெரியாது. நேரை காணேக்கை வேறை ஆரோ பிள்ளை எண்டு நினைச்சிடுவனோ எண்டு பயம்.”

ஆரணி எழும்பிப்போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். “கதவுப் பிடிக்கு மேலை வந்திட்டன் அப்பா. இந்தா, இவ்வளவு.” தலையில் கையை வைத்துக் காட்டினாள். அந்தக் கதவு கமராவுக்குள் அகப்படவில்லை. அவனுக்குத் தெரியாது என்று வினோஜா அறிவாள். “ஓம் குஞ்சு, தெரியுது” என்றான் அவன்.

இதோடு எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாட்கள் அவன் கேட்டான், பிள்ளை சொன்னாள். பிறகு ஒருநாள் “நேராய் இரு” திரும்பி வந்தது, அதன் பின்னால் கரட் வந்தது, எண்ணெய் வந்தது. வேலையில் முதலாளி ஏசிய நாட்களில் கூடுதலாக வந்தது. இடையிடையே ஒரு பகிடி, ஒரு பழைய கதை. விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்தது. ஒருநாள் அவர்களுக்குக் கிடைக்கப்போகும் வீட்டைப் பற்றி அவன் சொன்னான்: ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு, கீழே பார்த்தால் வீதி. வினோஜா அந்த ஒரே அறைக்குள் எந்தக் கதவைச் சாத்துவது என்று யோசித்துவிட்டு, யோசித்ததற்கு வெட்கப்பட்டாள்.

மார்கழி மழை விட்ட ஒரு காலை. பிட்டும் சம்பலும். ஆரணி பிட்டைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, கோப்பையோடு எழும்பிப் பின்பக்கம் போனாள். வினோஜா குசினி யன்னலால் பார்த்தாள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் உண்டு. கிணற்றடிக் கமராவுக்கும் தெரியாது, ஓடைக் கமராவுக்கும் தெரியாது. பிள்ளை அங்கே குந்தியிருந்து பக்கத்து வீட்டு நாய்க்குப் பிட்டைத் தட்டிக் கொட்டினாள். நாய் தின்னும்வரை அதன் காதைத் தடவிக்கொண்டு இருந்தாள். பிறகு வெறுங்கோப்பையோடு வந்து மேசையில் வைத்தாள்.

“சாப்பிட்டாச்சோ குஞ்சு?”

“ஓம் அப்பா.”

“முழுக்கவோ?”

“முழுக்க.”

சொல்லும்போது அவள் முகட்டைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் யன்னலடியில் நின்றதை அவள் கண்டிருக்கிறாள் என்று வினோஜாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வினோ, சாப்பிட்டவளோ?” குரலில் நித்திரை தட்டியது. பாவம், சாமம்வரை நின்றுவிட்டு வந்திருப்பான்.

பொய் சொன்ன பிள்ளையை ஏசவேண்டும். சாப்பாட்டைக் கொட்டியதற்கும் ஏசவேண்டும். ஒருவரையும் கேளாமல் தானாக ஒன்றைச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அவனுக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவும் இல்லை.

“ஓம்” என்றாள் வினோஜா. “சாப்பிட்டவள்.”

“சரி. வான் வரட்டும், நான் படுக்கிறன்.”

அவள் குசினிக்குள் போய் ஒரு கதலிப்பழத்தையும் பிஸ்கற் பையையும் எடுத்து, ஓடையைக் கடக்கும்போது முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, பிள்ளையின் பைக்குள் தள்ளினாள். ஆரணி பையின் வாயை இழுத்து மூடினாள். கோர்ண் சத்தம் கேட்டது. கேற்றடியில் பிள்ளை கமராவைப் பார்த்துக் கை காட்டினாள், பிறகு தாயைப் பார்த்துக் காட்டினாள். வான் முடக்கில் திரும்பும்வரை வினோஜா ஒழுங்கையில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.